ஜீப் கூரைக்கு உள்ளே

என் ஜீப்பின் ஃபைபர் கூரை வெயிலில் கொதிக்கும். மழையில் செண்டை கொட்டும், பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. உள்ளே ஃபோம் ஒட்டித் தரச் சொல்லி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"சாரை அனுப்புங்க சேச்சி, அவருகிட்ட பறஞ்சுக்கிடுதேன்" என்றார் மெக்கானிக்.

சார் என்றால் என் கணவர். ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

ஃபோமும் பசையும் வாங்கிவந்து, வலியசாலைத் தெருவில் எங்கள் வீட்டு வாசலிலேயே ஜீப்பை நிறுத்தி நானே ஒட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு நல்ல மழை. இருவரும் போனக்காடு மலைக்கு ஏறினோம். கூரையில் சத்தமே இல்லை. அதனால் கணவர் சொன்னதெல்லாம் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது.

"கியரை மாத்து. பிரேக்கைப் பிடி. வளைவுல ஹாரன் அடிக்க மாட்டியா?"

பட்டனை அழுத்தி, அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கினேன்.