அப்படி ஒருவர் இங்கே இல்லை

இரண்டாயிரமாம் ஆண்டு கடந்து ஒன்றிரண்டு வருடங்கள் இருக்கும். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நடத்திய பயண முகவர் கடையில் டிக்கெட் போடுகிற வேலை எனக்கு. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மேசை, ஒரு டெலிபோன், சுவரில் விமானப் படங்கள், முன்னால் வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் கார்டு விற்கிற கண்ணாடிப் பெட்டி. முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கொழும்புக்குப் போகிற குடும்பங்கள்தான் எங்கள் பிழைப்பு. அதைவிட்டால் தாய்லாந்து. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், தனியாகத்தான் போவார்கள், எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும். ஒருவர் இரத்தினக்கல் பார்க்கப் போவார். இன்னொருவர் முதுகு வலிக்கு வைத்தியம் செய்யப் போவார். புத்தர் கோயில் பார்க்கப் போகிறேன் என்ற ஒருவரை இங்கே பக்கத்திலிருக்கிற பிள்ளையார் கோயில் வாசலில்கூட நான் கண்டதில்லை. அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்க்குள் திட்டியபடியே டிக்கெட் போட்டுக் கொடுப்பேன்.

அவர்களில் ஒருவரை ஜெர்மனி அண்ணை என்போம். ஜெர்மனியில் சில காலம் அகதியாக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். நாற்பதைத் தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. ஒரு பேக்கரியில் ஷிப்ட் வேலை. விசா இல்லாமல் திரிந்த காலத்தில் எங்களிடம் ஒரு சொல் சொல்லி வைத்திருந்தார்.

"ஆர் வந்து கேட்டாலும், போனிலை கேட்டாலும், என்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போடுங்கோ."

இது அவர் மட்டும் சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் பலரும் அப்படிச் சொல்லி வைத்திருந்தார்கள். தமிழில் யாராவது விசாரித்தால் யோசித்துப் பதில் சொல்வோம். ஆங்கிலத்தில் ஒரு பெயரைக் கேட்டால் குடிவரவு அதிகாரிகள்தான் என்று முடிவு கட்டி, யோசிக்கவே மாட்டோம். அப்படி ஒருவர் இங்கே இல்லை, அவ்வளவுதான். பிறகு அவருக்கு விசா கிடைத்தது, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. ஆனால் சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

பாஸ்போர்ட் வந்த கையோடு அவரும் தாய்லாந்துக்குப் போகத் தொடங்கினார். காரணம் எதுவும் சொல்லமாட்டார், அது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு முறை போவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூலொன்றை எடுத்தார்.

"தங்கச்சி, இந்த அளவுக்குக் கண்ணாடிக் காப்பு வாங்க வேணும். கடையிலை போய்க் கேக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு."

யாரோ ஒருத்தியின் கையை அளந்த நூல். அப்டன் பார்க்கில் அக்கா வீட்டுக்குப் போனபோது அந்த அளவில் வளையல்கள் வாங்கி வந்து கொடுத்தேன். இப்படி எத்தனை பேருக்குக் காப்புப் போட்டு விடுகிறாரோ என்று மனதுக்குள் நக்கலடித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

பிறகு தாய்லாந்தில் அரசாங்கம் மாறியது. புதிதாக வந்தவர்கள் ஒழுங்கு கொண்டுவருகிறோம் என்று கிளம்பினார்கள். இரவு விடுதிகளை நேரத்தோடு மூட வேண்டும், பொலிஸ் சோதனை கூடிவிட்டது, சின்னச் சின்ன பார்கள் தாக்குப்பிடிக்காமல் பூட்டுப்படுகின்றன என்று போய்வந்தவர்கள் கதை கொண்டுவந்தார்கள். எங்கள் கடையில் அரசியல் வகுப்பே நடந்தது. எந்தத் தேர்தலையும் கவனிக்காத ஆட்கள் தாய்லாந்து அமைச்சரவையை ஆராய்ந்தார்கள். முதுகு வலிக்காரர் வந்து, "வைத்தியம் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டாங்களோ?" என்று கவலையோடு கேட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நல்ல அரசாங்கம், இவர்களுக்கு இப்படித்தான் வேண்டும் என்று நினைத்தேன். பூட்டுப்படுகிற கதவுகளுக்குள் வேலை செய்த பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்படியான ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண். உடைந்த ஆங்கிலம், பின்னால் வாகன இரைச்சல். ஜெர்மனி அண்ணையின் நீளமான பெயரைப் பாடமாக்கி வைத்தவள் போல முழுதாகச் சொல்லி, அவரோடு பேச வேண்டும் என்றாள். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தேன்.

"ஜெர்மனி அண்ணையை ஆரோ ஒரு பொம்பிளை கேக்கிறா. இங்கத்தைய ஆள் மாதிரித் தெரியேல்லை."

"உவங்கள் இமிகிரேஷன்காரங்கள் எந்தக் குரலிலையும் எடுப்பாங்கள், பிள்ளை. இஞ்சை தா."

போனை வாங்கி, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார். அவள் திரும்பவும் பெயரைச் சொன்னாள். நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று அவள் சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. தப்பான நம்பர் என்று சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார். எங்கள் ஆள் ஒருவரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு இருவரும் தேநீர் குடித்தோம்.

அந்தக் கிழமை முடியுமுன்பே ஜெர்மனி அண்ணை வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. எங்களிடம் வாங்கிய போன் கார்டை மேசையில் வைத்தார்.

"இந்தக் கார்டு சரியில்லைப் போலை. எத்தினை தரம் அடிச்சும் லைன் போகுதில்லை."

சோதித்துப் பார்த்தேன். கார்டில் பிழையில்லை. அவர் அடித்த நம்பர்தான் செத்துப்போயிருந்தது. எந்த இடத்து நம்பர் என்று கேட்டேன். தாய்லாந்தில் ஒரு கடற்கரை நகரத்து பார் என்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார்.

"அங்கை வேலை செய்யிற பிள்ளை. என்ன வேலையெண்டு கேக்க வேண்டாம், உங்களுக்கே விளங்கும். முதல் தரம் நானும் எல்லாரையும் போலத்தான் போனனான். பிறகு அவளைப் பாக்கத்தான் போறனான். இந்த முறை கலியாணம் எழுதி, இங்கை கூப்பிடுறதெண்டு ரெண்டு பேரும் கதைச்சு வைச்சிருக்கிறம்."

"அவவிட்டை உங்கடை நம்பர் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"என்ரை அறையிலை போன் எங்கை? நீங்கள் டிக்கெட் போட்டுத் தாற கவர் ஒண்டை அவளிட்டைக் குடுத்தனான். அதிலை உங்கடை கடை நம்பர் கிடக்கு. அவசரமெண்டால் அங்கை எடு எண்டனான்."

நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலாளி எழுந்து வந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று அறியவும் வழியில்லை, வெளிநாட்டு அழைப்பு என்பதால் நம்பர் விழவில்லை. ஜெர்மனி அண்ணை எங்களை ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானே அப்பிடிச் சொல்லி வைச்சனான்," என்றார். திரும்பவும் அதையே சொன்னார்.

கிடைத்த முதல் விமானத்தில் அவரை அனுப்பி வைத்தோம். தனியாகத்தான் திரும்பி வந்தார். பார் இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருந்ததாம். அவளோடு வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஒருத்தியை மட்டும் கண்டுபிடித்திருக்கிறார். இவர் தேடிப் போனவள் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள், எந்த நாடென்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"எங்கடை ஊர்ப் பேரை அவளுக்குச் சொல்லிக் குடுத்தனான். வடிவாச் சொல்லுவாள். அவளின்ரை ஊரை நான் கேக்காமல் விட்டிட்டன், தங்கச்சி."

அரசாங்கம் மாறினால் அந்த வியாபாரமே படுத்துவிடும் என்று எங்கள் கடையில் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் படுக்கவில்லை. சில மாதங்களில் இரத்தினக்கல்காரரும் முதுகு வலிக்காரரும் பழையபடி வந்து டிக்கெட் கேட்டார்கள். ஜெர்மனி அண்ணை பிறகு போகவே இல்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து கடைக்கு வருவார். போனுக்குப் பக்கத்துக் கதிரையில் கொஞ்ச நேரம் இருப்பார். அவள் எடுத்தாளா என்று என்னைப் பார்ப்பார். இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். அவர் எழுந்து போவார்.

அந்தக் கடை இப்போது இல்லை, நானும் வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் தெரியாத குரலொன்று போனில் யாருடைய பெயரையாவது சொல்லிக் கேட்டால், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். பயந்து வாழ்ந்த காலத்தில் எங்களைக் காப்பாற்றிய அந்த ஒரு பொய்யை, பயம் தீர்ந்த பிறகும் கைவிட மறந்துபோனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.