எந்த ஷிப்ட்டு?

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும் வழக்கமில்லை. எந்த ஷிப்ட்டு என்றுதான் கேட்பார்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே வேலை, நேரம் மட்டும்தான் வேறு. அந்தக் காலத்துக் கேள்வி அது. சுரங்கத்தை மூடியபோது எனக்கு ஒரு வயது. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது ஊரில் பாதிப் பேர் விடிவதற்குமுன் ரயிலேறி பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தோளில் ஒரு பை என்று போகிறவர்கள் அங்கே போய் எந்த உடுப்பை மாட்டிக்கொள்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

என் அப்பாவும் அப்படித்தான் போய் வந்தார். அவரை நைனா என்று கூப்பிடுவோம். பெங்களூரில் ஒரு கம்பெனி என்பதற்கு மேல் ஆண்டர்சன்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் அவர் வேலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவர் அங்கே சூப்பர்வைசர் என்று சிநேகிதிகளிடம் சொல்லி வைத்தது நான்தான். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் நடையையும் சட்டையையும் பார்த்து நானே முடிவு செய்துகொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பான பியூசி முடித்து நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கினேன். பெங்களூரில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சீட் கிடைத்தது. வருமானச் சான்றிதழ் காட்டினால் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. காட்டாவிட்டால், முழுக் கட்டணம் கட்ட எங்களிடம் விற்பதற்குக்கூட ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் கொண்டுபோகவில்லையென்றால் என் சீட்டு எனக்கு அடுத்த ரேங்க்காரருக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் தந்தையின் தொழில், மத்திய அரசு நிறுவனத்தில் ஊழியர் என்று இருந்தது. அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வருமானமும் போட்டிருந்தது. அதைக் காட்டினால் தள்ளுபடி கேட்டதற்காகச் சிரிப்பார்கள்.

தாலுகா ஆபீசில் விண்ணப்பம் கொடுக்கப் போனபோது, செய்கிற வேலைக்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார். நைனா சட்டைப் பையிலிருந்து பழைய சுரங்கக் கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். குமாஸ்தா வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொடுத்த அட்டையைப் பார்த்து எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

"அத்த ஏன் நைனா குடுத்த?"

"கார்டு கேட்டாங்கம்மா. எங்கிட்ட இருக்கிறது அது ஒன்னுதான்."

எனக்கு எப்போதும் மூக்கின்மேல் கோபம். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. "மூடி கெடக்கிற மைன்ஸுல இன்னா வேல செய்யற நீ? பேய்ங்களுக்குக் காவல் காக்கறியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நைனா ஷூவைக் கழற்றி, வழக்கமாக வைக்கிற இடத்தில் ஜோடி சேர்த்து வைத்தார்.

மறுநாள் நானும் அவரோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அதிகாரி பொறுமையானவர். சுரங்கம் மூடித்தானே கிடக்கிறது, இப்போது என்ன வேலை செய்கிறார் என்று கன்னடத்தில் கேட்டார். நைனா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அப்படியானால் சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள் என்றார். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்ச்மேன் சார்," என்றார். "அபார்ட்மென்ட்டுல. சீட்டெல்லாம் குடுக்கமாட்டாங்க."

முந்தின நாள் என் வாயிலிருந்து வந்த வார்த்தை எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. தலை நிமிர முடியவில்லை. அதிகாரி என்ன சொல்கிறார் என்றுகூட இரண்டாவது முறை கேட்டுத்தான் புரிந்தது. சம்பளச் சீட்டு இல்லையென்றால், நைனாவின் இப்போதைய வேலையை நேரில் அறிந்த இரண்டு பேர் வந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கம்பக்கத்தார் கேள்விப்பட்டதைச் சொன்னால் போதாது.

அக்கம்பக்கத்தாருக்கு எங்கே தெரியும்? மகளுக்கே தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர்கள் அவரோடு ரயிலில் போகிறவர்கள் மட்டும்தான். பதினோரு வருடமாக ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போகிறவர்கள். புதன்கிழமை விடிகாலை நைனா மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

பெட்டியில் இரண்டு பேர் அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் தலைக்கு மை போட்டு, மடியில் தோல் பை வைத்திருந்தார். ஏதோ ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் என்று ஊரே நினைத்திருந்தது. இன்னொருவர் நைனாவோடு சுரங்கத்தில் இறங்கியவர், ஒல்லியான மனிதர். நைனா உட்காராமல் நின்றார். வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஒரு நாள் லீவு போடணும்," என்றார் கடைசியில். "பாப்பா காலேஜ் சீட்டுக்கு ஒரு கையெழுத்து. தாலுகா ஆபீசுல."

எதற்குக் கையெழுத்து என்று அவர்கள் கேட்கவில்லை. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதையும் சொல்லவில்லை.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்று மட்டும் தோல் பைக்காரர் கேட்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மூவரும் ரயிலுக்குப் போகிற அதே சட்டை ஷூவோடு வந்து நின்றார்கள். குமாஸ்தா எழுதி வாசித்தார். இன்னார் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக வேலை செய்கிறார், அது எங்களுக்கு நேரில் தெரியும். வாசிக்கும்போது இரண்டு பேரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று தலையாட்டினார்கள். அவ்வளவோடு முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். சாட்சிகளின் பெயருக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது எனக்குத் தெரியாது.

"நீங்க என்ன வேலை?" என்று குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

ஊரில் யாரும் கேட்காத கேள்வியை, கேட்கக் கூடாது என்று தெரியாத அந்த மனிதர் கேட்டுவிட்டார். தோல் பைக்காரர் நைனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசலுக்குப் போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

"ஹவுஸ்கீப்பிங்," என்றார்.

"அப்படின்னா?"

"ஆபீசுல கக்கூஸ் கழுவறது சார்."

குமாஸ்தா எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார். "நானும் வாட்ச்மேன்தான். எழுதிக்கோங்க," என்றார் ஒல்லியானவர். இருவரும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்கள். தோல் பைக்காரரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது. வெளியே வந்து நைனா டீ வாங்கிக் கொடுத்தார். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. வண்டி இப்போதெல்லாம் தாமதமாக வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் டீக்கடைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் ரேங்கைப் பற்றி எனக்கு அதுவரை இருந்த கர்வம் அங்கேதான் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மதியம் திருத்திய சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தேன். சீட் தங்கியது. ஹாஸ்டலில் சேர வசதியில்லை, அதனால் நானும் ரயில்தான் என்று முடிவாயிற்று. முதல் நாள் நைனாவோடு அதே பெட்டியில் ஏறினேன். தோல் பைக்காரர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தாலுகா ஆபீசில் எதுவும் நடக்கவே இல்லை என்பதுபோல நைனாவிடம், "எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டார்.

"டே ஷிப்ட்டு," என்றார் நைனா.

தோல் பைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீ எந்த ஷிப்ட்டும்மா?"

"ஜெனரல் ஷிப்ட்டு மாமா," என்றேன். ஊரில் ஆபீஸ்காரர்களின் பகல் நேரத்துக்கு அந்தப் பெயர்தான்.

"அப்ப சாயந்திரம் கூட்டமா இருக்கும். எடம் புடிச்சி வெக்கறோம். நீ மெதுவா வா."

நான்கு வருடமும் பிடித்து வைத்தார்கள். நின்றுகொண்டு வந்தவர்கள் சண்டைக்கு வந்தால், காலேஜ் படிக்கிற பெண் வருகிறாள் என்று ஒல்லியானவர் மல்லுக்கு நிற்பார். அந்த இடத்தில் உட்கார்ந்துதான் நான் பரீட்சைக்கெல்லாம் படித்தேன். இப்போது எனக்கு வேலை இருக்கிறது, சம்பளச் சீட்டும் இருக்கிறது. நைனா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பேய்களுக்குக் காவல் காக்கிறாயா என்று கேட்டதற்கு மட்டும் அவரிடம் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை.