பால் விழுந்த வழி

தனேசிங்குக்குக் கல்யாண வீடுகளில்தான் பிழைப்பு. மாப்பிள்ளையின் தலைப்பாகையைச் சரிசெய்யச் சொல்லி, மாமன்களை வரிசையில் நிறுத்தி, "சிரிங்க, சிரிங்க" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிவிடும். வீடு திரும்பியதும் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் பின்னால் போய் மணலில் குப்புறப் படுத்துவிடுவான். அங்கே யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை. முள்வால் உடும்பு வளைக்கு வெளியே வந்து வெயில் காயும், கௌதாரி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போகும். அவன் அசையாமல் கிடப்பான். ஜைசல்மேர்ப் பக்கத்து மணலுக்கு இவ்வளவு உயிர் தாங்குமா என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். படுத்துப் பார்க்காதவர்கள் அவர்கள்.

அந்த வருஷம் கேர் புதரடியில் ஒரு நரி குட்டி போட்டிருந்தது. வால் நுனி வெள்ளையான பாலைவன நரி. காற்று மேற்கிலிருந்து வீசும், மனித வாடை பட்டால் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். அதனால் தனேசிங் நேர்வழியில் போகாமல், புதருக்குக் கிழக்கே பெரிதாக ஒரு வளைவு போட்டு மணல்மேட்டுக்குப் போவான். ஒருநாளும் வழி மாற்றியதில்லை.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி தெனமும் கெளம்பிடறீங்களே கொழுந்தனாரே," என்பாள் அண்ணி சுகன் கன்வர். "எப்ப தட்டு மாத்தறோம்?"

"அவளுக்கு ஏற்கெனவே மூணு புள்ளைங்க, அண்ணி."

சிரிப்பெல்லாம் சரிதான். ஆனால் புதர் இருந்த துண்டு நிலம் அண்ணன் சவாய்சிங்குடையது. முதல் மழை விழுந்ததும் அதை உழுது கொத்தவரை போடப்போவதாக அவர் சொல்லிவிட்டார். டிராக்டர் ஏறினால் வளை இருக்காது. அண்ணன் முகத்தைப் பார்த்து நிலப் பேச்சு எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் தம்பிகளுக்கு இல்லை. அண்ணியைத் தூது விட்டான்.

அவள் திரும்பி வந்தாள். "நரிக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்கவான்னு கேக்குறாரு. நீங்க கல்யாணத்துல போட்டோ புடிச்சா போதுமாம்."

தனேசிங் கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி கொல்லைக்குப் பின்னால் போனான்.

அந்த நிலத்தை ஒட்டி, அதற்கு மேற்கேதான் தேவியின் ஓரண். சுள்ளிகூட ஒடிக்கக் கூடாத காடு. மழைக்கு முன்னால் ஊரே சேர்ந்து அதன் எல்லையைச் சுற்றிப் பாலால் கோடு இடும். அன்று எந்த வீட்டிலும் டீயில் பால் இருக்காது, எல்லாம் தேவியின் பானைக்குப் போய்விடும். அடியில் துளையிட்ட பானையை ஒருவன் ஏந்தி நடக்க, ஊர் பின்னால் வரும். ஏந்துபவன் பேசக் கூடாது, நிற்கக் கூடாது, பானையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. அவனிடம் யாரும் பேசவும் கூடாது. பால் விழுந்த கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் தேவிக்கு.

அந்த வருஷம் பானை ஏந்துவது இவர்கள் வீட்டு முறை. அண்ணனுக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் பானை தம்பி கைக்கு வந்தது.

நன்றாகத்தான் நடந்தான். பால் நூலாக இறங்கியது. எல்லைக்கல் தாண்டி அடுத்த வன்னிமரத்துக்கு நேராகப் போக வேண்டிய இடத்தில், கண் பானையில் இருக்க, கால் தன் பாட்டுக்குத் தினமும் போகும் வழியில் திரும்பிவிட்டது. புதருக்குக் கிழக்கே அதே பெரிய வளைவு; புதர் பால் கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. பின்னால் மேளக்காரனுக்கு அடி தப்பியது. "டேய்..." என்று ஆரம்பித்த சவாய்சிங் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச முடியாது, பிடித்து நிறுத்த முடியாது. தன் நிலம் தேவிக்குப் போவதைப் பார்த்தபடி கையைக் கூப்பிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் நடந்தார். பாவம், அந்த முகத்தைப் படம் பிடிக்கத்தான் ஆளில்லை.

பானையை இறக்கி வைத்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் தனேசிங்குக்கு உறைத்தது.

"தேவி மேல ஆணையா சொல்லு. வேணும்னு செஞ்சியா?"

"இல்லண்ணே. தெனம் போற வழி. காலு போயிடுச்சு."

"காலு போயிடுச்சாம்! எங்கிட்ட கேக்க முடியாதத தேவிகிட்ட வாங்கிட்டான் பாருங்க, திருட்டுப்பய!"

ஊரில் சிலர் சிரித்தார்கள். தனேசிங்கால் சிரிக்க முடியவில்லை. நரி பிழைத்ததில் உள்ளுக்குள் குதித்த சந்தோஷம் அவனுக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை, ஸ்டூடியோ கட்ட வைத்திருந்த சாலையோர நிலத்தில் அண்ணன் இழந்த அளவுக்கு முளையடித்துவிட்டு, "இது உங்களுக்குண்ணே," என்றான். சவாய்சிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மழை விழுந்ததும் டிராக்டர் அங்கே போயிற்று. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

மழை விட்ட ஒரு மாலை தனேசிங் மேட்டில் படுத்திருந்தபோது பின்னால் முனகல் கேட்டது. சவாய்சிங் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அதே கிழக்கு வளைவில் சுற்றி வந்து, பக்கத்தில் தொப்பென்று படுத்தார்.

"எங்கடா அது?"

"பேசாம இருங்கண்ணே."

பிறந்ததிலிருந்து அவன் அண்ணனை அப்படி அதட்டியதில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி வந்தது, அதன் வாலைக் கடித்துக்கொண்டே இன்னொன்று. மூன்றாவது தடுக்கி விழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போல எழுந்து நின்றது. சவாய்சிங்கின் மீசை துடித்தது.

"இத்தனூண்டா? இதுக்கா அண்ணிய அனுப்பினே? நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லடா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

சவாய்சிங் யோசித்தார்.

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார், குட்டிகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.