கொய்யா நறுக்க ஒரு கத்தி

மாதுங்கா சுந்தரராமனைப் பற்றி யாரும் கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தையும் அதிகமாகச் சொன்னதில்லை. பாலக்காட்டுக்காரர், முப்பத்தொன்பது வயது, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். பதினாறு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். செருப்பு வாங்க மூன்று கடை, குடை வாங்க ஐந்து கடை ஏறி இறங்குவார். கல்யாணத்துக்கு மட்டும் முதலில் பார்த்த பெண்ணுக்கே சரி என்று சொல்லிவிட்டார். அதை அவர் மனைவி ஷ்யாமளா அவ்வப்போது எடுத்துச் சொல்வாள். அது பாராட்டா குத்தலா என்பது அவருக்கு விளங்கியதே இல்லை.

இப்படிப்பட்டவர் 1966-ஆம் வருஷம் நவம்பரில், தினமும் பையில் வைத்துக்கொண்டு போக ஒரு மடக்குக் கத்தி வாங்கக் கிளம்பினார். காய்கறி நறுக்க வீட்டில் அரிவாள்மணை இருந்தது. பென்சில் சீவ ஆபீஸில் பிளேடு கொடுத்தார்கள். அடிதடி என்றால் அடுத்த தெரு வழியாகப் போகிறவர். அவருக்கு எதற்குக் கத்தி?

எல்லாம் டிராம்பேயால் வந்தது. ஏப்ரலில் அங்கே ஆபீஸின் புதிய கிளை திறக்கப்போகிறது. ஹெட் கிளார்க்காகப் போகிறவருக்குச் செம்பூரில் குவார்ட்டர்ஸ்: இரண்டு அறை, தனிச் சமையலறை, உள்ளேயே குளியலறை. சுந்தரராமன் இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில். அதிலேயே அடுப்பு, அதிலேயே சுவாமி படங்கள், அதிலேயே அவரும் ஷ்யாமளாவும் இரண்டு பெண்களும், வைத்தியத்துக்கென்று புனாவிலிருந்து வந்து குணமாகியும் கிளம்பாத ஒரு மாமாவும். குளிக்க வேண்டுமானால் வராந்தாக் கோடியில் வரிசையில் நிற்க வேண்டும். செம்பூர் சமாசாரம் காதில் விழுந்த அன்றிலிருந்து ஷ்யாமளா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, அந்தச் சமையலறைல ஜன்னல் இருக்குமோல்லியோ?"

ஜன்னல் இருப்பதும் இல்லாததும் சூப்பரிண்டெண்ட் காம்ப்ளேயின் கையில் இருந்தது. சிபாரிசு அவர்தான் எழுத வேண்டும்.

காம்ப்ளே நாக்பூர்ப் பக்கத்துக்காரர். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வந்த முதல் நாளே மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன புத்தர் படத்தைச் செருகினார். அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் ஊர் தீண்டாமல் ஒதுக்கிவைத்த ஜாதி, இப்போது பௌத்தராகிவிட்டவர் என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அவர் எழுதும் நோட்டுகளில் ஒரு தப்புக்கூட இருக்காது என்பது தெரிய மட்டும் ஆறு மாதம் பிடித்தது. சாப்பாட்டு வேளையில் அவரைப் பற்றி நடந்த கிசுகிசுப்பில் சுந்தரராமன் கலந்துகொண்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். தன்னைப் போன்ற விசால மனசுக்காரர்கள் குறைவு என்று அப்போதெல்லாம் அவருக்குத் தோன்றும்.

காம்ப்ளேயிடம் ஒரு பழக்கம் உண்டு. காகிதத்தைத் தட்டில் போட்டுவிட்டு மணியடிக்க மாட்டார். ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையில் கொடுப்பார். பியூனுக்கும் அப்படித்தான். இன்னொரு பழக்கம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம். அவர் மேஜையில் இருந்ததோ உறை கிழிக்கிற மொண்ணைப் பித்தளைக் கத்தி. அது பழத்தை நறுக்காது, நசுக்கும். சில நாள் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்து, "யாரிடமாவது கத்தி இருக்கிறதா?" என்று இங்கிலீஷில் கேட்பார். இருபத்திரண்டு பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தனிடம் கத்தி இருந்தால்? இந்த யோசனை வந்த நாள் சுந்தரராமனுக்கு ரயிலில் உட்கார இடம் கிடைத்ததுகூடத் தெரியவில்லை. காக்காய் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. இது காக்காய் பிடிப்பதில் சேராது, ஒரு மனுஷர் பழம் நறுக்க உதவுவதுதான் என்று மஸ்ஜித் பந்தர் வருவதற்குள் தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் பச்சைத் துணி விரித்துக் கத்தி விற்றவர் இனாயத்துல்லா. அவரிடம் சுந்தரராமன் வைத்த நிபந்தனைகளைக் கேட்டால் சம்பந்தி வீட்டார்கூட எழுந்து போயிருப்பார்கள். கத்தி பையில் இருப்பதே தெரியக் கூடாது, எடுத்தால் எல்லாருக்கும் தெரிய வேண்டும். நகத்தால் திறக்க வர வேண்டும், தானாகத் திறக்கக் கூடாது. போலீஸ்காரன் பார்த்தால் சந்தேகப்படக் கூடாது, அதிகாரி பார்த்தால் அற்பமாகவும் நினைக்கக் கூடாது. பிடி எலும்பாக இருக்கக் கூடாது, கொம்பாகவும் இருக்கக் கூடாது.

"சாப், சாக்கூ வாங்க வந்தீர்களா, பெண் பார்க்க வந்தீர்களா?" என்று இனாயத்துல்லா இந்தியில் கேட்டார். கேட்டாலும் நல்ல மனுஷர். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். யாரிடம் அதைச் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

முதல் கத்தி நீளம். பேண்ட் பையில் நிமிர்ந்து நின்று, ரயிலில் உட்காரும்போதெல்லாம் தொடையில் இடித்தது. இரண்டாவதற்கு ஸ்பிரிங் தளர்ச்சி. தாதர் கூட்டத்தில் பைக்குள்ளேயே வாயைத் திறந்து, புது டெரிலின் பேண்ட்டின் உள்பையைக் கிழித்துவிட்டது. மூன்றாவது சட்டைப்பையில் பேனா மாதிரி அடங்கி உட்கார்ந்தது, ஆனால் கொய்யாவின் பாதி வரைக்கும்தான் போயிற்று. நாலாவதன் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பரீட்சை வைக்க வீட்டுக்குக் கொய்யா வந்தபடியே இருந்தது. புனா மாமாவுக்கு மறுபடி வயிறு கெட்டு, வைத்தியம் தொடர்ந்தது.

"ஜன்னலுக்கு ஆசைப்பட்டேன், மாமாவுக்கு இன்னும் மூணு மாசம் கூட்டிட்டேள்" என்றாள் ஷ்யாமளா.

ஐந்தாவது கத்தி அமைந்தது. சுண்டுவிரல் நீளத்தில் மெல்லிய அலகு, கருங்காலிப் பிடி, பித்தளை ஆணி இரண்டு. மடக்கும்போது சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். "இது உங்களுக்காகவே பிறந்தது" என்று இனாயத்துல்லா கத்தியைக் கையில் நீட்டினார். சுந்தரராமன் அவசரமாகத் துணியைக் காட்டினார். இனாயத்துல்லா சிரித்துக்கொண்டே கத்தியைக் கீழே வைக்க, அவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

கத்தியைக் கையோடு கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும். உப்பும் அப்படித்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து சுந்தரராமன் வீட்டில் இதுதான் சட்டம். ஷ்யாமளா அரிவாள்மணையை இன்னொருத்திக்குக் கொடுப்பதானால் தரையில் வைத்துத்தான் தள்ளுவாள்.

டிசம்பர் பன்னிரண்டு, திங்கட்கிழமை. ஒரு ஃபைலோடு சுந்தரராமன் உள்ளே நின்றுகொண்டிருந்தபோது, காம்ப்ளே கொய்யாவை எடுத்து, பித்தளைக் கத்தியைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "உங்களிடம் கத்தி இருக்காது, இல்லையா மிஸ்டர் சுந்தரராமன்?"

"இருக்கு சார்."

காம்ப்ளேயின் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஆறு வாரம் அலைந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். சுந்தரராமனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உலகத்தில் யாரோடு பகை வந்தாலும் வரட்டும், இந்த மனுஷரோடு மட்டும் வரவே கூடாது. அப்படி நினைத்துக்கொண்டேதான், விரித்த கையைத் தாண்டி, கண்ணாடி மேல், புத்தருக்குப் பக்கத்தில், கத்தியைப் பதவிசாக வைத்தார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

"தாங்க்யூ. தேவைப்படாது" என்றார் காம்ப்ளே. பித்தளைக் கத்தியாலேயே பழத்தை நசுக்கித் தின்றார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். சுந்தரராமன் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கத்தியில் என்ன குறை என்று சுந்தரராமன் சாயங்காலம் வரை மண்டையை உடைத்துக்கொண்டார். பிடி ரொம்பக் கறுப்போ? அலகு குட்டையோ? வீடு திரும்பும் ரயிலில், பக்கத்து நாற்காலிக்காரர் சங்கரன்தான் போட்டு உடைத்தார்.

"என்ன ஓய் பண்ணிட்டீர்? மனுஷன் கைய நீட்டிண்டிருக்கார், நீர் மேஜை மேல வச்சீராமே! பியூன் பார்த்திருக்கான்."

"கத்திய கைல குடுக்கப்படாதேன்னு..."

"எனக்குத் தெரியும் ஓய். அவருக்குத் தெரியுமா? அவா ஜாதிக்கு நாம கைல எதைக் குடுத்திருக்கோம், இது கத்திக்காகன்னு அவர் கண்டுபிடிக்க?"

 செம்பூர் போயிற்றே என்றுதான் சுந்தரராமன் முதலில் நினைத்தார். அந்த மூடிய கை அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. வந்தது போகவில்லை.

மறுநாள் அதைவிட மோசம். கிசுகிசுப்புக் கோஷ்டியில் இரண்டு பேர் அவர் முதுகில் தட்டினார்கள். "நீர் வாயில்லாப்பூச்சின்னு நெனச்சோம். நன்னாப் பண்ணினீர்!" பதினாறு வருஷத்தில் முதல் பாராட்டு. எது எதற்காகவோ ஏங்கியிருந்தவருக்கு அது இப்படி வந்து சேர்ந்தது.

அவர் கிளார்க். பேச வராவிட்டாலும் எழுத வரும். காம்ப்ளேக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'எங்கள் வழக்கப்படி' என்று ஆரம்பித்ததும் பேனா நின்றுவிட்டது. இந்த இரண்டு வார்த்தைகளைக் காம்ப்ளே ஆயுசில் எத்தனை தடவை கேட்டிருப்பார்? கிழித்துப் போட்டார். 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்று ஆரம்பித்தார். இது ஓடும் போலிருந்தது. ஷ்யாமளாவிடம் நடந்ததைச் சொல்லி, படித்தும் காட்டினார்.

ஷ்யாமளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எல்லாம் சரி. வராந்தா பெருக்கற பாகீரதிக்கு டீ எப்படிக் குடுக்கறோம்?"

பாகீரதியின் தம்ளர் வெளியே ஜன்னல் விளிம்பில் கவிழ்ந்திருக்கும். அதை அவள் நிமிர்த்தித் தரையில் வைப்பாள். ஷ்யாமளா எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவாள். பதினோரு வருஷமாக.

"அது வேற" என்றார் சுந்தரராமன்.

"என்ன வேற?"

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். "ஊத்தறவ நான்தானே, எனக்குத் தெரியாதா என்ன வேறன்னு?" என்றாள் ஷ்யாமளா, யாரையும் பார்க்காமல். 

புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சுந்தரராமன் உள்ளே போய், கத்தியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். வழக்கத்தை மீறினால் பகை வரும் என்கிற பயம் இனி எதற்கு, அதுதான் வந்தாயிற்றே. 

"சார், அன்னிக்கு நான் வச்சது... எங்க வீடுகள்ல கத்தியைக் கைல குடுத்தா சண்டை வரும்னு சொல்லுவா. உங்களோட சண்டை வரப்படாதுன்னுதான் சார்." இதை அவர் இங்கிலீஷில் சொன்னார். அதனால் இன்னும் அசட்டுத்தனமாக இருந்தது.

காம்ப்ளே முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நம்புகிறேன்" என்றார். "எங்கள் ஊரிலும் எனக்கு எல்லாவற்றையும் கீழேதான் வைப்பார்கள். கடைக்காரர் சில்லறையை, வாத்தியார் சிலேட்டை. கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். எல்லாம் நல்ல காரணங்கள்தான்." மேஜை டிராயரைத் திறந்து ஒரு கத்தியை எடுத்துக் காட்டினார். சிவப்புப் பிளாஸ்டிக் பிடி, ஸ்டேஷன் வாசலில் விற்கிற மலிவுச் சரக்கு. "நேற்று வாங்கினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நன்றாக நறுக்குகிறது."

சுந்தரராமன் நீட்டிய கையை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அன்றிலிருந்து செம்பூரைத் தலைமுழுகிவிட்டார். காம்ப்ளே நிச்சயம் பழிவாங்குவார், தானாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம் என்று நினைத்தார். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த நிம்மதியையும் காம்ப்ளே விட்டுவைக்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் கூப்பிட்டு அனுப்பினார்.

"டிராம்பேக்கு உங்கள் பெயரை எழுதினேன். இந்த செக்‌ஷனில் உங்களைவிடச் சுத்தமாக வேலை செய்கிறவர் இல்லை. உத்தரவு வந்திருக்கிறது. வாழ்த்துகள்."

பக்கத்தில் பியூன் நின்றுகொண்டிருந்தான். காம்ப்ளே ஒரு ஃபைலை எடுத்து, அவன் முகத்தைப் பார்த்து, அவன் கையில் கொடுத்தார். பிறகு உத்தரவுக் காகிதத்தை எடுத்தார். சுந்தரராமன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

காம்ப்ளே காகிதத்தை மேஜைக் கண்ணாடி மேல் வைத்தார். எழுத்து சுந்தரராமனுக்கு நேராகத் தெரியும்படி திருப்பி வைத்தார். பிறகு அடுத்த ஃபைலைப் பிரித்தார்.

இரண்டு அறை, தனிச் சமையலறை. ஜன்னலும் இருந்தது, அதைக்கூடக் குறிப்பிட்டிருந்தார்கள். நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு, சுந்தரராமன் அதை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.