கீழே இல்லாத தூண்

மலேசியாவின் ஸ்கூடாயில் கட்டட சர்வே படித்து முடித்தபோது என் முன்னால் பல வழிகள் இருந்தன. கட்டுமான நிர்வாகம், நகராண்மைக் கழக வேலை, சொத்துப் பராமரிப்பு, பழுது ஆய்வு. நான் நிர்வாகத்தைத் தேர்ந்தேன். சிங்கப்பூரில் வேலையும் உறுதியாகிவிட்டது. அது தொடங்கும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்றுதான் ஜொகூர் பாருவில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன்.

ஒரு பிற்பகல் மேலதிகாரி மேடத்துடன் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டுக்குப் போனேன். மாடியில் டியூஷன் வகுப்பு. கதவைச் சாத்த முடியவில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். கதவுக்கு மேலே சுவரில் சாய்வாக ஒரு விரிசல். அறை நடுவே இருந்த தூணைச் சுற்றிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழே ஒரு தமிழ் முஸ்லிமின் சாப்பாட்டுக் கடை. அந்தத் தூண் அங்கேயும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த இடத்தில் மேசையும் நாற்காலிகளும்தான் இருந்தன. ஏணியில் ஏறி, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளி டார்ச் அடித்தேன். தூண் அந்தரத்தில் முடிந்திருந்தது. அறுத்த கம்பிகள் துருப்பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தன. இறங்கி, கைப்பேசியில் எடுத்த படத்தை நீட்டினேன்.

மேடம் படத்தை ஒரு கணம்தான் பார்த்தார்.

"மேல போய் பிள்ளைங்கள கூட்டிட்டு வா. யாரையும் ஓட விடாத."

பிள்ளைகள் பையை அணைத்தபடி ஒவ்வொருவராக இறங்கினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் வெளியேறினார்கள். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படத்தைப் பார்த்தார்.

"நான் வாடகைக்கு எடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு மேடம். நடுவுல தூண் இல்லாத கடை கெடச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன்லா."

அன்றே பொறியாளர் வந்து இரும்பு முட்டுகள் கொடுக்க ஏற்பாடு செய்தார். இத்தனை காலம் உத்தரங்கள்தான் தாங்கியிருக்கின்றன, அவை தொய்ந்ததால்தான் சுவர் விரிசல் விட்டுக் கதவு சாத்தவில்லை என்றார். பிறகு தூணைப் புதிதாகக் கட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத்தான் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை. சிங்கப்பூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு விரிசல் பார்க்கப் போகிறாயா என்று அப்பா கேட்டார். அந்தப் படத்தை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, மேலே யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார்.

"பிள்ளைங்கப்பா," என்றேன்.