சேறு தின்ற வாயு

இஞ்ஞாசி அண்ணனைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. அவர் தலைவருமில்லை, தியாகியுமில்லை. திண்டுக்கல்லில் ஒரு சோடாக் கம்பெனியில் பதினாறு வருஷம் கோலி சோடா அடைத்தவர், அவ்வளவுதான். அவர் கெட்டதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம் என்பதால் நான் எழுதுகிறேன்.

சோடா அடைக்கிறவனுக்குக் கையைவிடக் காது முக்கியம். நிரப்பிய பாட்டிலைக் காதோரம் வைத்தே வாயு கசிகிறதா இல்லையா என்று அண்ணன் சொல்லிவிடுவார். கசிந்தால் தனியே ஒதுக்குவார். முதலாளி என்ன திட்டினாலும் வண்டியில் ஏற்றமாட்டார். "இஞ்ஞாசி அடைச்சதா? கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்று கடைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவருக்குச் சொத்து. வேறு காணி நிலம்கூடக் கிடையாது.

1958இல் சாணார்பட்டிப் பாதையில் ஒரு அறக்கட்டளை, எரிவாயு ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்றைத் தொடங்கியது. பேர்தான் பெரிசு. இருந்தது இரண்டு ஓட்டுக் கொட்டகை, நாலு மாடு, சாணத்தைக் கரைத்து ஊற்றி மூடிவைக்க ஒரு தொட்டி. காற்றுப் படாமல் சாணம் புளித்தால் எரிகிற வாயு வரும் என்பது தெரிந்த சங்கதி. வந்த வாயுவை எதில் சேர்த்துவைப்பது என்பதுதான் தலைவலி. இரும்புத் தொட்டி வாங்க ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. நிலையத்தின் அதிகாரி பெருமாள்சாமி, சென்னையில் படித்து வந்தவர், அதற்கொரு வழி சொன்னார். குளத்துக் களிச்சேற்றைப் பூசிய குழியிலேயே வாயுவைச் சேர்த்துவைக்கலாமாம். சேறு வாயுவைத் தாங்குமா என்று முதலில் பாட்டிலில் வைத்துப் பார்க்கவேண்டும். கசியாமல் பாட்டில் அடைக்க ஆள் தேடியபோது ஊரே இஞ்ஞாசி அண்ணனைக் கைகாட்டியது.

அவருக்குத் தற்காலிக வேலை. சோதனை நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம் என்றார்கள். நானும் தற்காலிகம்தான். இன்டர்மீடியட் படித்தவன் என்பதால், தினமும் காலையில் பாட்டில்களைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை.

1960 தை மாதம் பன்னிரண்டு பாட்டில்கள் அடைத்தோம். மூன்று குளத்துச் சேறு, குளத்துக்கு நாலு பாட்டில். பாதி சேறு, மேலே சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிய வாயு. உள்ளே காற்று என்பதே இருக்கக்கூடாது. தக்கை வழியாக, 'U' எழுத்துப் போல வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று வெளியே வரும். அதில் கொஞ்சம் சிவப்பு மைத்தண்ணீர் நிற்கும். உள்ளே வாயு குறைந்தால் மை பாட்டிலை நோக்கி நகரும். மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி அண்ணன் அடைத்தார். ஒவ்வொரு பாட்டிலையும் தண்ணீரில் முக்கி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

எட்டுப் பாட்டில்களில் ஒரு வம்பும் இல்லை. வெயில் ஏறினால் மை கொஞ்சம் வெளியே தள்ளும், சாயந்திரம் பழைய இடத்துக்கு வரும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நாலு பாட்டில்கள்தான் வழிக்கு வரவில்லை. அவற்றில் இருந்தது தோல் பதனிடும் ஷாப் கழிவு விழுகிற குளத்துச் சேறு. கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றம். ஆடியில் அவற்றில் மை ஒரு விரல்கடை உள்ளே போயிருந்தது. ஐப்பசியில் இரண்டு விரல்கடை.

"அடைப்பு சரியில்ல. மெழுகை மாத்து" என்றார் பெருமாள்சாமி.

அண்ணன் மாற்றினார். மறுபடியும் மை உள்ளேதான் போனது. அவர் இரண்டு நாள் அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அதிகாரியிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"சார், ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போயிரும், மை ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நிக்கும். இது உள்ள இழுக்குது. அடைப்பு இறுக்கமா இருக்கப்போயித்தான் சார் இழுக்குது. உள்ள எதுவோ வாயுவத் திங்குது."

"எது திங்குது?"

"சகதிதான் சார். அதுல ஏதோ உசுரு இருக்கு."

பெருமாள்சாமி சிரித்தார். "காத்தே இல்லாத எடத்துல இந்த வாயு எரியாது, கரையாது, ஒண்ணும் ஆகாது. புஸ்தகத்துல இருக்கு. நீ சோடாவோட நில்லு, இஞ்ஞாசி."

அன்றைய புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. அதில் அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் மை ஏன் உள்ளே இழுக்கிறது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது. அதிலும் கைலி கட்டிய சோடாக்காரன் சொல் எப்படி ஏறும்?

அண்ணன் விடவில்லை. இரண்டு காலிப் பாட்டில்களையும், ஃபுட்பால் பிளாடர் ஒன்றில் கொஞ்சம் வாயுவையும் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒரு பாட்டிலில் அந்தக் கறுப்புச் சேற்றை அப்படியே போட்டார். இன்னொன்றில் அதே சேற்றைக் கொதிக்கவைத்துப் போட்டார். கொதித்தால் எந்த உயிரும் சாகும் என்பது அவர் நியாயம். அவர் மனைவி ஆனந்தமேரியின் கஞ்சிப் பானைதான் அகப்பட்டது. நான் போனபோது அந்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தது.

"சகதியச் சமைக்கிற ஆம்பளய இப்பத்தான் பாக்குறேன். தொட்டுக்க வெஞ்சனம் என்ன வைக்கட்டும்னு கேளுப்பா உங்க அண்ணன."

அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. அடைப்பைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு மாதம் பொறுத்தார். கொதிக்காத சேற்றில் மை இரண்டு விரல்கடை உள்ளே போயிருந்தது. கொதித்த சேற்றில் அசையவே இல்லை. அதே கை, அதே மெழுகு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பாட்டிலையும் சைக்கிளில் துணி சுற்றிக் கட்டி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல நிலையத்துக்குக் கொண்டுவந்தார்.

நேரம்தான் கெட்ட நேரம். மறுநாள் சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. களிச்சேறு வாயுவைத் தாங்கும் என்று அறிக்கை டைப் அடித்துத் தயாராகிவிட்டது. பெருமாள்சாமி மையைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார்.

"இது நிலையத்துப் பாட்டில். உள்ள இருக்கறது நிலையத்து வாயு. யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போன?"

ஒரு தம்ளர் காப்பித் தண்ணீர் கொதிக்கவைக்கக்கூடப் போதாத வாயு. அதற்குத் திருட்டு என்று பேர் வைத்தார். அன்று மத்தியானமே விசாரணை. நாலு பாட்டில் கெட்டதற்கும் காரணம் எழுதவேண்டியிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் நிரந்தர உத்தரவு கையெழுத்துப் போடாமல் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இல்லை.

"தினமும் நீதானே பாக்கற. மெழுகுல விரிசல் இருந்திருக்கும், இல்லையா?"

'அடைப்பில் விரிசல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். சோலைமுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதை இஞ்ஞாசி அண்ணன் முன்னாலேயே படித்துக் காட்டி, வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருடைய இரண்டு பாட்டில்களையும் சாக்கடையில் கொட்டிக் கழுவச் சொன்னார்கள். கழுவியவனும் நான்தான்.

நாற்பது வருஷம் கழித்து, பென்ஷன் வாங்குகிற காலத்தில், நூலகத்தில் ஒரு அறிவியல் கட்டுரை படித்தேன். காற்றில்லாத சேற்றில் வாயுவைத் தின்கிற நுண்ணுயிர்கள் உண்டாம். ஒன்றல்ல, இரண்டு இனம் ஒட்டிக்கொண்டே வாழும். ஒன்று வாயுவைத் தின்கிறது. ஆனால் தனியாக அதைத் தின்று பிழைக்க அதற்கு ஏலாது. அது தள்ளுவதை மற்றொன்று வாங்கிக்கொண்டு, சேற்றிலுள்ள கந்தக உப்பின் துணையில் பிழைக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனால் வருவதுதான். தோல் ஷாப் தண்ணீரில் அந்த உப்புக்கு என்ன பஞ்சம்? இரண்டையும் பிரித்துவிட்டால் இரண்டும் பட்டினி. பெருமாள்சாமியும் நானும் பிழைத்த பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். அவர் சொன்னார், நான் எழுதினேன்.

அதைப் படித்தபோது எனக்கு 1967இல் வேடசந்தூரில் அண்ணனைப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னும் நான் அதை மறந்திருந்தேன் என்றில்லை.

ஒரு நூல் மில் வாசலில் சைக்கிள் அடுக்குகிற வேலையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தால் காறித் துப்புவார் என்று நினைத்தேன். "ஏலே சோலை, வா, வா" என்று கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"சோடாக் கம்பெனியில மறுபடி சேத்துக்கலையாண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ ஆள் விட்டாக. நாந்தான் போகல. அடைப்புல விரிசல் விட்டதே தெரியாத கை இது. இத வச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

எனக்குப் புரிய நேரமானது. அவர் என்மேல் கோபப்படவே இல்லை. நான் எழுதியதை நம்பியிருந்தார்.

"மை இழுக்குதே, மை இழுக்குதேன்னு நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றார். "படிச்ச புள்ள நீ, கண்ணால பாத்திருக்க. நான் நெனச்சதுலதான் கோளாறு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு, சோலை. அந்த விரிசல் எந்தப் பாட்டில்ல இருந்துச்சு?"

விரிசலே இல்லை அண்ணே என்று சொல்லியிருக்கலாம். என் வேலை நிரந்தரமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது; யாரும் என்னை அசைக்க முடியாது. அப்படியிருந்தும் பயந்தேன். அந்த முகத்தில் அடுத்து என்ன வரும் என்று பார்க்கத் துணிவில்லை.

"பத்தாம் நம்பர்ல" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"பத்தாம் நம்பரா. அது அடைச்ச அன்னைக்குச் சின்னவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மனசு ஒரு நெலையில இல்ல. அப்பவே கை சரியா ஓடல. இப்பத்தான் எனக்கு விளங்குது" என்றார். "சொன்னியே அப்பு, நல்லா இருப்ப."

மில்லில் சங்கு ஊதியது. அவர் சைக்கிள்களை எடுத்துக் கொடுக்க எழுந்து போனார். டீக்குக் காசை என்னைக் கொடுக்க விடவில்லை.