மாறுதல் நோட்டு

எண்பதுகளில் தென்காசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் பழைய பதிவேட்டைப் புதியதில் பெயர்த்தெழுதினேன். அது முடியும்வரை பழையதில் ஏறும் திருத்தங்களைத் தனி நோட்டில் குறித்து, கடைசியில் சேர்க்க வேண்டும்.

"மாறுதல் நோட்டு போட்டுட்டியாலே?" என்றார் கம்பவுண்டர்.

"போட்டாச்சு அண்ணாச்சி" என்றேன். போடவில்லை. குற்றாலத்தில் சீசன், அருவிக்குப் போகும் அவசரம்.

பழையதில் நான் பெயர்த்து முடித்த பக்கத்தில், ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே "பென்சிலின் ஆகாது" என்று நர்ஸ் பிறகு சேர்த்திருக்கிறாள். பெயர்ப்பு முடிந்தபின் புதியதைப் பார்த்துக் கம்பவுண்டர் அந்த ஊசியையே போட்டார். கால்மணி நேரத்தில் அந்தப் பெண் செத்துப்போனாள்.

ஆகாதென்று எழுதியிருந்ததாக நர்ஸ் சொன்னாள். "ஏட்டி, எங்கன எழுதின?" என்று கம்பவுண்டர் கத்தினார்.

"பழசுல எழுதினேனே" என்று நர்ஸ் அழுதாள்.

"பழைய பதிவேட்டை எரிச்சாச்சு" என்றேன். அது என் பெட்டிக்குள் இருந்தது.

நர்ஸுக்கு வேலை போயிற்று. நோட்டு போடாததைச் சோம்பல் என்று மன்னித்துக்கொண்டேன். பதிவேட்டை ஒளித்ததை மன்னிக்க முடியவில்லை.